சூரியகிரண் வான்சாகசக் குழு

இந்திய விமானப்படையின் 52ஆவது ஸ்குவாட்ரன். கர்நாடகத்தின் பீதர் இதன் தளம். பயிற்சி விமானிகள் ஏறிப் பழகும் ஜெட் விமானத்தில்தான் இக்குழு சாகசம் செய்கிறது. இதன் ஏற்றமும் இறக்கமும் அந்த ஒன்றைச் சார்ந்தே அமைந்தன.

இதற்கு முன்பு 1982இல் அமைந்த 'தண்டர்போல்ட்ஸ்' குழு ஹண்டர் போர் விமானங்களில் பறந்து, 1989இல் நின்றுபோனது. 1996இல் சூரியகிரண் பிறந்தபோது அதற்கு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த கிரண் மார்க் 2 பயிற்சி ஜெட் கிடைத்தது. முதல் பொதுக்காட்சி அந்த ஆண்டு செப்டம்பரில் கோயம்புத்தூரில், விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழாவில் நடந்தது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு உறவும் உண்டு. குழுவின் விமானிகள் தேர்ச்சி பெற்ற பறத்தல் ஆசிரியர்கள். அந்த ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது.

ஆறு விமானங்களில் தொடங்கிய குழு ஒன்பதாக வளர்ந்தது. அணிவகுப்பில் இரு விமானங்களுக்கு இடையே ஐந்து மீட்டர்கூட இருக்காது. முன்னால் பார்த்து ஓட்டுபவர் தலைவர் ஒருவரே. மற்றவர்கள் பக்கத்து விமானத்தின் ஓர் அடையாளப் புள்ளியில் கண்ணை வைத்து, அது நகர்ந்தால் தாமும் நகர்வார்கள். வளைந்து திரும்புகையில் வெளிப்புறத்தில் இருப்பவர் கூடுதல் தூரம் போகவேண்டும். அவர் வேகத்தைக் கூட்டும் அதே நொடியில் உட்புறத்தில் இருப்பவர் குறைக்கவேண்டும். தரையிலிருந்து நாம் காண்பதோ அசையாத ஒரே வடிவம். என்னைப் பொறுத்தவரை, தலைகீழ்ப் பறத்தலைவிட அரியது இதுதான். வெள்ளைப் புகை, சூடான எஞ்சின் காற்றில் டீசலைத் தெளிப்பதால் எழுகிறது.

2009இல் தொடக்கநிலைப் பயிற்சிக்கான எச்.பி.டி-32 விமானங்கள் பறப்பது நிறுத்தப்பட்டது. கற்றுக்கொடுக்கக் கிரண்கள் தேவைப்பட்டன. 2011 பிப்ரவரியில் பெங்களூர் ஏரோ இந்தியா காட்சியோடு குழு கலைந்தது. 2015இல் ஹாக் மார்க் 132 பயிற்சி விமானங்களோடு மீண்டும் எழுந்தது.

இந்தச் சாகசத்துக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2006இலும் 2009இலும் பீதர் அருகே பயிற்சியில் விமானிகள் இறந்தனர். 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரின் எலஹங்காவில், ஒத்திகையில் இரண்டு ஹாக்குகள் மோதியதில் விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார்.

இலங்கை விமானப்படையின் 70ஆம் ஆண்டு விழாவுக்காக 2021இல் கொழும்பு காலிமுகத்திடலில் பறந்த இக்குழு, 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவின் மேல் பறந்தது. கடற்கரையில் லட்சக்கணக்கானோர் கூடினர். அன்றைய வெயிலிலும் நெரிசலிலும் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை.