சிறுமுதல் சண்டைப் படங்கள்: நிறையும் குறையும்

கற்றோர் கூடும் அவையில் சண்டைப் படங்களைப் பற்றிப் பேசுதல் தகுமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். சங்க இலக்கியமும் கம்பனும் வீற்றிருக்கும் மலரில் கம்பும் கத்தியும் சுழலும் படங்களுக்கு என்ன வேலை என்பது அவர்தம் ஐயம். மறத்தைப் பாடுபொருளாகக் கொண்டு புறத்திணை வகுத்த இனம் நம் இனம். அம்மரபில் வந்த எளிய மக்கள் தரை டிக்கட்டில் அமர்ந்து எதனைக் கண்டு கைதட்டினர் என்பதும் நம் வரலாற்றில் ஒரு பகுதியே. ஆதலின், குறைந்த முதலில் எடுக்கப்பட்ட சண்டைப் படங்களின் நிறைகுறைகளை நடுவுநிலையில் நின்று ஆராய்வோம்.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனி உறவு ஒன்றுண்டு. தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒலிப்பதிவு வசதியுடைய படப்பிடிப்பு நிலையம் தமிழகத்தில் இல்லை. தயாரிப்பாளர்கள் நடிகர் குழுவோடு இரயிலேறிக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்றனர். சாமிக்கண்ணு வின்சென்ட்டின் ‘வள்ளி திருமணம்’ (1933) கல்கத்தாவில்தான் உருவாயிற்று. சேலத்து டி.ஆர். சுந்தரமும் இங்கு வந்து படத்தொழிலில் இறங்கியவரே. இத்தொலைவும் செலவும் அவருக்குப் பாடமாயின. 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். ஓர் ஆலையைப் போல் நேரமும் கணக்கும் தவறாது இயங்கிய அந்நிலையத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. சிக்கனமே முதலாகக் கொண்ட படத்தொழில் தமிழில் வேரூன்றிய வரலாறு இதுவாகும்.

அக்காலத்தில் பம்பாய் வாடியா நிறுவனத்தின் ‘ஹண்டர்வாலி’ (1935) படத்தில் நாடியா என்னும் நடிகை சாட்டையேந்திக் குதிரை மீது வந்து நாட்டையே வியப்பில் ஆழ்த்தினார். இரண்டே ஆண்டுகளில் தமிழில் ‘மின்னல் கொடி’ (1937) வந்தது. அதில் கே.டி. ருக்மணி கொள்ளைக்காரியாகத் தோன்றி ஆடவரை வென்றார். புராணப் படங்களில் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் வாளைக் கொடுத்தது, பெரியோர் இகழ்ந்த இந்தச் சண்டைப் படமே. சிறுமுதற் படத்தின் முதல் நிறை இத்துணிவு. இழப்பதற்குப் பெரும்பொருள் இல்லாதவர் புதியதைச் செய்து பார்க்க அஞ்சுவதில்லை.

இரண்டாவது நிறைக்கு ‘ராஜகுமாரி’ (1947) சான்றாகும். இக்கதையை எழுதிய ஏ.எஸ்.ஏ. சாமி, பி.யு. சின்னப்பாவையும் டி.ஆர். ராஜகுமாரியையும் மனத்தில் கொண்டிருந்தார். ஜூபிடர் நிறுவனத்தாரோ செலவைக் கருதி, தம்மிடம் மாதச் சம்பளத்தில் இருந்தவர்களைக் கொண்டே எடுக்குமாறு கூறினர். அவ்வாறு கதாநாயகனாகும் வாய்ப்பைப் பெற்றவரே எம்.ஜி. இராமச்சந்திரன். அதே படத்தில் அவரோடு மோதும் மல்லனாக வந்த சாண்டோ சின்னப்பா தேவர் பின்னாளில் தேவர் பிலிம்ஸைத் தொடங்கி, ‘தாய்க்குப் பின் தாரம்’ (1956) முதலிய படங்களைத் தந்தார். பணம் போதாமையால் திறந்த கதவு, தமிழகத்தின் பின்னாளைய முதலமைச்சர் ஒருவருக்கே வழிவிட்டது!

மறு ஆண்டே ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) வந்தது. ஏறத்தாழ 30 இலட்ச ரூபாய் செலவில், அதுவரை எவரும் கண்டிராத பிரம்மாண்டத்துடன் அமைந்த படம் அது. ஆயினும் அதன் இறுதியில் நம்மை இருக்கையின் நுனிக்குக் கொணர்வது ரஞ்சனின் வாள்வீச்சு. அதே ரஞ்சன் பின்னர்த் தேவரின் ‘நீலமலைத் திருடன்’ (1957) படத்திலும் வாளேந்தினார். ஜெமினியின் பிரம்மாண்டம் அங்கில்லை. வாள் மட்டும் அதே கூர்மையுடன் சுழன்றது. இதனால் நாம் அறிவதென்ன? சண்டைக் காட்சியின் உயிர் பணத்தில் இல்லை, பயின்ற உடலில் உள்ளது.

அவ்வுடலைப் பயிற்றுவித்தவர் யார்? இதுவே இக்கட்டுரையின் நடுவண் வினா. எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். பாட்டும் வசனமும் போலவே கத்திச் சண்டையும் சிறுவயது முதல் நாடக மேடைக்காகப் பழகப்பட்டது. ஊர்தோறும் சிலம்பக் கூடங்களும் உடற்பயிற்சி நிலையங்களும் இருந்தன. பல்லாண்டுப் பயிற்சி என்னும் அந்த முதலைப் போட்டவர்கள் நாடக ஆசிரியர்களும் ஊர் வாத்தியார்களும். அறுவடை செய்தது திரைப்படம்.

கடல் கடந்தும் கதை இதுவே. சுமார் ஓர் இலட்சம் டாலரில் தாய்லாந்தில் எடுக்கப்பட்ட ‘தி பிக் பாஸ்’ (1971) புரூஸ் லீயை ஆசியா முழுவதும் அறிமுகப்படுத்தியது. அவருடைய கைவேகத்துக்கு அடிப்படை, இளமையில் இப் மானிடம் கற்ற விங் சுன் கலை. அவருக்குப் பின் வந்த ஜாக்கி சானும் சம்மோ ஹங்கும் ஹாங்காங்கில் சீன இசைநாடகப் பள்ளியொன்றில் சிறுவர்களாகச் சேர்ந்து கடும்பயிற்சி பெற்றவர்கள். நம் பாய்ஸ் கம்பெனியும் அவர்தம் இசைநாடகப் பள்ளியும் உடன்பிறப்புகள் எனின் மிகையாகாது.

இனிக் குறைகளை நோக்குவோம். நாடகக் கம்பெனிகள் மறைந்தன. அந்தப் பயிற்சிக்கூடத்தின் இடத்தில் வேறொன்றைப் படத்தொழில் அமைக்கவில்லை. 1960களில் ‘வல்லவன் ஒருவன்’ (1966) முதலிய மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் படங்களில் ஜெய்சங்கர் சுறுசுறுப்புடன் தோன்றி மக்களை மகிழ்வித்தார். சிறு தயாரிப்பாளர் பலர் அவரால் பிழைத்தனர். எனினும் கதை ஜேம்ஸ் பாண்டிடம் கடன் வாங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் கராத்தே கூச்சலும் கடனாக வந்தது. மின்னல் கொடியாக வாளேந்திய பெண், வில்லனால் கடத்தப்படுவதற்கென்றே படைக்கப்பட்டவளானாள். வெட்டும் ஒட்டும் கூடிப் பயிற்சியின்மையை மறைத்தன. சண்டைக்காகக் கதை என்னும் நிலையில், எதற்காகச் சண்டையிடுகிறான் என்பதே நமக்கு மறந்துபோயிற்று.

எம் அலுவலக வங்க நண்பர்கள் இதற்குத் தம் ஊர்ச் சான்று ஒன்று கூறுவர். மிருணாள் சென்னின் ‘மிருகயா’ (1976) படத்தில் தேசிய விருது பெற்ற மிதுன் சக்கரவர்த்தி, ‘சுரக்‌ஷா’ (1979) என்னும் உளவுச் சண்டைப் படத்தால் வெகுமக்களைக் கவர்ந்தார். 1990களில் உதகையைத் தம் களமாக்கிக் குறைந்த செலவில் விரைவாக முடியும் இந்திப் படங்கள் பலவற்றில் நடித்தார். அன்று சேலத்தார் படமெடுக்கக் கல்கத்தா வந்தனர். பின்னர்க் கல்கத்தாக்காரர் நீலகிரிக்குச் சென்றார்! அப்படங்கள் தொழிலாளர் பலருக்குச் சோறிட்டன என்பது நிறை. அவற்றுள் நினைவில் நிற்பவை மிகச் சில என்பது குறை.

எல்லாவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. மாடியிலிருந்து குதித்தவனும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தவனும் யார் என்பதை நாம் அறியோம். நாயகனின் உடையணிந்து, முகம் தெரியாமல் விழுவதே அவன் தொழில். முதல் குறையும்போது முதலில் குறைவது அவன் காப்புக்கான செலவே. பெரும்பொருள் புரளும் இந்நாளிலும் அவலம் தீர்ந்தபாடில்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கார் பாயும் காட்சி ஒன்றைப் படமாக்குகையில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிர் துறந்தார். இந்திய அரசின் தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கு இடம் கிடைத்ததே 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் அவ்விருதைப் பெற்றார். ஆஸ்கார் குழுவினரோ 2027ஆம் ஆண்டுப் படங்கள் முதல்தான் இத்துறைக்கு விருதளிக்கப் போவதாக அறிவித்துள்ளனர்.

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு மட்டும் இன்று நிற்கின்றது. அதன்வழி நுழைந்து அடிபட்டு வீடு திரும்பியோர் எத்தனையோ பேர். சிறுமுதற் படங்கள் சிறுமைக்குரியன அல்ல. துணிவையும் புதியோர்க்கு வாய்ப்பையும் அவை தந்தன. அவை செய்த பிழை, பயின்ற உடலையே மூலதனமாகக் கொண்டும் அவ்வுடலைப் பேணத் தவறியது. போரில் வீழ்ந்த மறவனுக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டிய மரபினர் நாம். திரையில் நமக்காக வீழ்ந்தவர்களின் பெயரையேனும் எழுத்தோட்டத்தில் நின்று படிப்போமாக!