ஸ்ரீ ரமணாசிரமம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையின் மீது, மலையின் தென்னடிவாரத்தில், பாலித் தீர்த்தத்தை ஒட்டி அமைந்துள்ள ஆசிரமம். ரமண மகரிஷியின் (1879–1950) பெயரைத் தாங்கி நின்றாலும், இது எழுந்தது அவருடைய தாயார் அழகம்மாளின் சமாதியைச் சுற்றி. கால்கோள் விழா ஏதும் நடக்கவில்லை. ஆகவே அம்மையார் மறைந்த 1922 மே 19-ஐத் தொடக்கமாகக் கொள்வதா, அதே ஆண்டு டிசம்பரில் ரமணர் மலையிலிருந்து இறங்கி வந்ததைக் கொள்வதா என்பதில் இரு வழக்குகள் உண்டு.

திருச்சுழியில் பிறந்த ரமணர் (இயற்பெயர் வேங்கடராமன்) மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1896-இல், திடீரென மூண்ட மரண அச்சத்தின் ஊடே ஆன்ம அனுபவம் பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவளக்குன்று என்று இடம் மாறிக்கொண்டிருந்த மௌன ஆண்டுகளைப் பற்றிப் பிறர் கண்டு சொன்னவையே மிகுதி.

1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. 1902-இல் வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் பேசாமல் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' நூலாயின, கேள்விகளின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும். 1907-இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவருக்கு 'ரமண மகரிஷி' என்று பெயர் சூட்டினார். உடனிருந்த சாதுக்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போனார்கள். எச்சம்மாள் போன்ற அன்பர்கள் சமைத்துச் சுமந்து மலையேறினார்கள். பிட்சைக்குப் போகையில் பாடுவதற்கென்று சாதுக்கள் கேட்டதால் பிறந்ததே 108 கண்ணிகள் கொண்ட 'அருணாசல அக்ஷரமணமாலை'. ஆசிரம வழிபாட்டில் இன்றும் அதற்கு முதலிடம்.

1916-இல் அழகம்மாள் மகனுடனேயே இருந்துவிடுவது என்று வந்தார். சில மாதங்களில் எல்லோரும் சற்று மேலே உள்ள ஸ்கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அம்மையார் அடுப்பு மூட்டினார். அதுவரை கிடைத்ததை உண்டு வந்த சாதுக் கூட்டத்துக்கு வேளைச் சமையல் என்ற ஒன்று வந்தது அப்போதுதான். ஆசார நியமங்களில் ஊறிய தாயிடம், வெங்காயமும் முருங்கையும் மோட்சத்துக்குப் பெரிய தடைகளாயிற்றே என்று மகன் கேலி செய்ததும் பதிவாகியிருக்கிறது. இளைய மகன் நாகசுந்தரமும் துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார்.

1922-இல் அம்மையாரின் இறுதி நாளில் ரமணர் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்கில் அருகிருந்தார். உடலை எரிப்பதா, அடக்கம் செய்வதா என்ற கேள்வி எழுந்தது. ஞானம் எய்திய பெண்ணின் உடலையும் எரிக்கலாகாது என்ற விடை, 1917-இல் கணபதி முனிவர் எழுதிய 'ரமண கீதை'யில், பெண்களுக்குத் துறவுரிமை உண்டா என்பதை ஆராயும் அத்தியாயத்திலேயே இருந்தது. அதன்படி அடிவாரத்தில் சமாதி வைத்து, மேலே லிங்கம் நிறுவினார்கள். மாத்ருபூதேஸ்வரர் என்பது திருநாமம். நாள்தோறும் இறங்கி வந்து போய்க்கொண்டிருந்த ரமணர் ஒருநாள் வந்தவர் திரும்பவில்லை. தம் விருப்பம் என்று ஒன்று அதில் இல்லை என்பதே பின்னாளில் அவர் தந்த விளக்கம். ஒரு கீற்றுக் கொட்டகை; அவ்வளவுதான் அன்றைய ஆசிரமம்.

1930-களில் நிரஞ்சனானந்தர் சர்வாதிகாரி என்ற பொறுப்பில் நிர்வாகத்தை ஏற்றார். ஆசிரமத்தின் உரிமை குறித்து முன்னாள் நிர்வாகி ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். இந்தக் காலத்துக்குத்தான் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன: 1935 முதல் 1939 வரை முனகால வேங்கடராமய்யா எழுதிய உரையாடல் குறிப்புகள், 1945 முதல் தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பு, சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்கள். இவற்றைப் புரட்டினால் தத்துவத்துக்கு ஈடாகச் சமையற்கட்டும் கண்முன் வந்து நிற்கிறது. விடியுமுன்பே ரமணர் அங்கே வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், பதம் பார்ப்பார். கீரைத் தண்டையும் தள்ளவிடாமல் வேகவைத்து, சாற்றைப் பிழிந்து குழம்பில் சேர்க்கச் சொல்வார். கீழே சிந்திய அரிசியை மணி மணியாகப் பொறுக்கி எடுப்பார். பந்தியில் தமக்கென்று எதையும் கூடுதலாகப் பரிமாற விடமாட்டார். சம்பூர்ணம்மாள் முதலிய பெண்கள் அவர் பக்கத்தில் நின்றே சமையல் கற்றார்கள். ஆனால் இருட்டுமுன் பெண்கள் ஆசிரமத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அடுப்படியில் நாளெல்லாம் உழைத்தவர்களுக்கும் விலக்கில்லை. உணவுக் கூடத்தில் பிராமணர்களும் மற்றவர்களும் தனித்தனியே அமர்ந்தனர். ரமணர் இரு சாராரும் காணும்படி நடுவே அமர்ந்தார். இந்தப் பிரிவை அவர் ஏற்றார் என்போரும், வந்தவர்களின் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்தார் என்போரும் உளர்.

1926-இல் கன்றாக வந்த லட்சுமி என்னும் பசுவுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. நேராக ரமணரிடம் வந்து தலையை அவர் பாதத்தில் வைக்கும். முன்பு அவருக்குக் கீரை சமைத்துத் தந்த கீரைப்பாட்டியே லட்சுமியாகப் பிறந்தாள் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அதை ரமணரே உறுதிப்படுத்தினாரா என்பதில் தெளிவில்லை. 1948 ஜூன் 18 அன்று அது இறந்தபோது, நாளும் நட்சத்திரமும் அமைய அவர் தமிழில் ஒரு வெண்பா எழுதினார்.

மாத்ருபூதேஸ்வரர் கருங்கல் ஆலயத்துக்கு 1939-இல் அடிக்கல் இடப்பட்டது. குடமுழுக்கு 1949 மார்ச் 17 அன்று நடந்தது. கருவறையில் லிங்கத்துடன் ஸ்ரீசக்ர மேருவும் உண்டு. 'நான் யார்' என்ற விசாரத்தையே நேர்வழியாகச் சொன்னவரின் இடத்தில் இத்தனை பூசைகள் எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்தனர். ரமணரோ அந்த மேருவைத் தம் கையால் தொட்டுக் கொடுத்தார். வெள்ளி, பௌர்ணமி, தமிழ் மாதப் பிறப்பு நாட்களில் ஸ்ரீசக்ர பூசை தொடர்கிறது.

1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தார். தாயின் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே அவர் சமாதி. அதன் மேல் ரமணேஸ்வர மகாலிங்கம். 1964-இல் ஆர்தர் ஆஸ்பார்ன் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கினார். 1967-இல் சமாதி ஆலயக் குடமுழுக்கு நடந்தது. பின்னர் விருந்தினர் இல்லங்களும் நூலகமும் பெருகின.

இன்றும் காலையும் மாலையும் வேத பாராயணம் நடக்கிறது. அந்தி சாய்ந்தபின் ரமணரின் தமிழ்ப் பாடல்களை ஆண்களும் பெண்களும் முறைவைத்து ஓதுகின்றனர். பழைய கூடத்தில் பேச்சில்லை. ரமணர் சாய்ந்திருந்த கட்டிலில் அவர் படம் மட்டும் இருக்க, எதிரே அன்பர்கள் கண்மூடி அமர்கின்றனர். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை இங்கிருந்தே தொடங்குவோர் பலர். பகல் பந்திக்கு இலை போடுமுன், வெளியே பாத்திரங்களுடன் வரிசையில் நிற்கும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் அன்னம் வழங்கப்படுகிறது. நாராயண சேவை என்று அதற்குப் பெயர்.