கத்தியைத் தொலைத்த கிண்ணம்

முதலில் இருந்தது ஒரு மாட்டுக் கொம்பு. வைத்தியர் அதன் நுனியில் துளையிட்டார். அகன்ற பக்கத்தை, கீறிவிட்ட தோலின் மேல் வைத்து, நுனியில் வாய் வைத்து உறிஞ்சினார். கெட்ட இரத்தம் வெளியேறினால் நோவும் போய்விடும் என்பது நம்பிக்கை. சுஸ்ருத சங்கிதை இதற்கு ஓர் ஒழுங்கே வகுத்தது: வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுவை. கொம்பில் ஒரு சங்கடம் இருந்தது. நோயாளியின் இரத்தத்துக்கும் வைத்தியரின் வாய்க்கும் இடையே அதிக தூரமில்லை.

சுரைக்குடுவை அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. உள்ளே சிறு தீ. தோலில் கவிழ்த்ததும் தீ அணைந்தது, தோல் தானாக மேலெழும்பியது. முதலாம் நூற்றாண்டில் உரோமில் செல்சஸ் எழுதிய மருத்துவ நூலிலும் இதே சோடி வந்தது: உறிஞ்சியபின் மெழுகால் துளையடைக்கும் கொம்பு, எரியும் திரி போட்ட வெண்கலக் கிண்ணம். சீனத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட மவாங்துய் கல்லறையை 1973இல் திறந்தபோது கிடைத்த பட்டுச் சுவடியிலோ, மூலநோய்க்குக் கொம்பு வைக்கச் சொல்லியிருந்தது. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற சண்டை முடியாது. ஆனால் தோல் ஏன் உள்ளே எழும்புகிறது என்பது எவருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

தெரியாமலே தொழில் நடந்தது. தமிழ்ச் சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை 32 என்று எண்ணியது. எண்ணெய் பூசி உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணம் அதில் ஒன்று, உறிஞ்சல் இன்னொன்று, குருதி வாங்கல் வேறொன்று. செகராசசேகரம், பரராசசேகரம் என்று ஆரியச்சக்கரவர்த்தி மன்னர்களின் பெயர் தாங்கிய மருத்துவ நூல்களைப் பெற்ற யாழ்ப்பாணத்துப் பரியாரியார்களின் மரபும் இந்தச் சித்த வழியில் வந்ததுதான். பட்டியலில் தொக்கணம் ஒரு மூலை, உறிஞ்சல் ஒரு மூலை. கை ஒன்றுக்கு, கருவி மற்றதற்கு.

கருவியின் இரகசியம் அவிழ்ந்தது மருத்துவமனையில் அல்ல. 1643இல் இத்தாலியில் தொரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து, காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். பிறகு ஜெர்மனியில் குவெரிக்கே, காற்றை உறிஞ்சிய இரண்டு அரைக்கோளங்களை இருபுறமும் குதிரைகள் பூட்டி இழுக்கவைத்தார், குதிரைகள் திணறின. அப்படியானால் கிண்ணம் எதையும் இழுக்கவில்லை! உள்ளே சூடான காற்று ஆறிச் சுருங்கியது. வெளியே இருந்த காற்று உடம்பை அழுத்தித் தசையைக் கிண்ணத்துக்குள் தள்ளியது. அறிவியலின் ஆசி கிடைத்துவிட்டது, இனிக் கிண்ணத்துக்கு அழிவில்லை என்றுதான் தோன்றியது.

உண்மையில் உச்சத்துக்கே போனது. 1813இல் தாமஸ் மேப்பிள்சன் இலண்டனில் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். விசையைத் தட்டினால் பத்துப் பன்னிரண்டு சிறு கத்திகள் ஒரேயடியாகத் தோலைக் கீறும் பித்தளைப் பெட்டிகள் விற்றன. பாரிசில் பியர் லூயி என்ற மருத்துவர் மட்டும் எண்ண ஆரம்பித்தார். நுரையீரல் அழற்சியில் முதல் நான்கு நாளுக்குள் இரத்தம் எடுக்கப்பட்டவர்களில் 44 விழுக்காட்டினர் இறந்தார்கள். பிந்தி எடுக்கப்பட்டவர்களில் 25 விழுக்காட்டினர். 1835இல் வெளிவந்த அந்தக் கணக்கு கத்தியின் கழுத்திலேயே விழுந்தது. கிண்ணத்துக்குக் கண்டம் பிறந்தது.

சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்ததும், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதும் இந்தக் காலத்தில்தான். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க அவர் நூல்களை மொழிபெயர்ப்பித்தார். இரத்தம் எடுப்பதில் மேற்கு நம்பிக்கை இழந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மிஷன் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், பரியாரியார் வீட்டுத் திண்ணை மறுபக்கம் என யாழ்ப்பாணம் பழகிக்கொண்டது. கிண்ணம் செத்துவிட்டதா?

1929இல் பாரிசின் ஏழைகள் மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலோடு படுத்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலுக்கும் அந்த நினைப்புத்தான். குதிரைகளுக்குச் செய்யும் வைத்தியம் என்று மங்கலாக எண்ணியிருந்தார். எதிர்ப்பக்கக் கட்டிலில் இருந்தவர் மார்பிலும் முதுகிலும் கண்ணாடிக் கிண்ணங்கள் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அதே கிண்ணங்கள், கிருமி நீக்காமலே, ஆர்வெலின் முதுகுக்கும் வந்தன. 1946இல் அவர் அதைக் கட்டுரையாக எழுதினார். எழுத்தாளர்கள் மீது கைவைக்கக் கூடாது என்பதை அந்த மருத்துவர் அறியவில்லை.

ஐரோப்பா கைகழுவியதைச் சீனம் கைவிடவில்லை. 1950களில் மரபு மருத்துவம் அங்கே அரசு மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. கிண்ணமும் கூடவே போனது. கீறாமல் வைத்த கிண்ணமே போதும் என்ற முறை பரவலாயிற்று. எண்ணெய் பூசிய முதுகில் கிண்ணத்தை இலேசாக ஒட்டவைத்து, நெடுக இழுத்துச் செல்லவும் செய்தார்கள். பிடித்துவிடும் கை கீழே அழுத்தியது. கிண்ணமோ தசையை மேலே தூக்கியது. தீக்குப் பதிலாகக் கைப்பம்பு பொருத்திய பிளாஸ்டிக் கிண்ணங்களும் வந்தன. மிச்சமிருந்தது விளம்பரம் மட்டும்.

அது 2016 ஓகஸ்டில், ரியோ ஒலிம்பிக் நீச்சல் தடாகத்தில் காசில்லாமல் கிடைத்தது. மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் ஊதா வட்டங்களோடு குளத்தில் குதித்தார், தங்கத்தோடு ஏறினார். உலகம் வட்டங்களைப் பார்த்தது. நுண்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த இரத்தத்தின் நிறம்தான் அது. தங்கம் கிண்ணத்தால் வந்தது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. கழுத்து நோவுக்கும் நாரி நோவுக்கும் ஓரளவு ஆறுதல் தரலாம் என்ற அளவில், அதுவும் பலவீனமான சான்றுகளே சேர்ந்தன. அதனால் என்ன, மசாஜ் நிலையங்களில் ‘கப்பிங்’ கேட்பவர்கள் பெருகினார்கள்.

நோவெண்ணெய் பூசி நாரிப்பிடிப்பை உருவிவிடுவதற்கு யாழ்ப்பாணத்தில் எந்தக் காலத்திலும் ஆள் குறைந்ததில்லை. கைதடியில் 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவ அலகைத் தொடங்கியபோது அந்த 32 முறைகளும் பாடமாயின. தொக்கணத்தின் இலக்கமும் உறிஞ்சலின் இலக்கமும் அப்போதும் வேறுவேறுதான். உலகைச் சுற்றி வந்த கப்பிங் மசாஜோ இரண்டையும் சேர்த்து ஒரே கட்டணத்தில் கொடுத்தது.