நேயர் விருப்பத்தை எண்ணிய கதை



"நேயர்கள் விரும்புவதையே ஒலிபரப்புகிறோம்" என்று எல்லா வானொலிகளும் சொல்லும். அந்த விருப்பத்தை அளந்தது எப்படி? அந்த வரலாற்றில் நமது கொழும்புக்கும் பங்குண்டு.

1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். அதே டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்தி நிகழ்ச்சி தொடங்கியது. பம்பாயில் பதிவாகி, கொழும்பிலிருந்து ஒலித்தது.

ஆரம்பத்தில் அது போட்டி. 7 பாடல்களைச் சரியான வரிசையில் அமைத்து எழுத வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கே சுமார் 9,000 கடிதங்கள். பின்னர் வாரத்துக்கு 65,000 வரை. சமாளிக்க முடியாமல், 1954இல் அதைத் தரவரிசை நிகழ்ச்சியாக மாற்றினார்கள்.

இசைத்தட்டு விற்பனை, நேயர் சங்கங்களின் வாக்கு என இரண்டையும் சேர்த்தே வரிசை தீர்மானிக்கப்பட்டது. கணக்காளன் கண்ணுக்கு இது நல்ல ஏற்பாடு. விற்பனையை மட்டும் பார்த்தால் காசுள்ளவர் விருப்பம்தான் தெரியும். கடிதத்தை மட்டும் பார்த்தால் எழுத நேரமுள்ளவர் விருப்பம்தான் தெரியும். ஒரு பேரேட்டை மற்றது சரிபார்க்கும். நெடுநாள் பட்டியலில் நின்ற பாடலுக்கு மகுடம் சூட்டி ஓய்வும் கொடுத்தார்கள்; புதியவற்றுக்கு இடம் கிடைத்தது.

இலண்டன் பி.பி.சி. 1936இல் ரொபர்ட் சில்வி தலைமையில் நேயர் ஆய்வைத் தொடங்கியது. கடிதம் எழுதுபவர்கள் எல்லா நேயர்களையும் பிரதிபலிப்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது ஒரு கணக்கு. கேட்டவர்கள் எவ்வளவு ரசித்தார்கள் என்பது வேறு கணக்கு. இரண்டும் தனித்தனியே எடுக்கப்பட்டன. சிலரே கேட்டாலும் அவர்கள் மனதுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இது ரொறன்ரோவில் நமக்கும் பொருந்தும். தொலைபேசியில் வருபவை பெரும்பாலும் பழகிய குரல்கள். இரவு வேலை முடித்து வாகனத்தில் கேட்பவர் அழைப்பதில்லை. தனியறையில் கேட்கும் முதியவரும் அழைப்பதில்லை. கருத்துச் சொன்னால் ஆபத்து என்று அஞ்சிய ஊரிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர்; அவர்கள் மௌனத்தை விருப்பமின்மை என்று எழுதிவிட முடியாது. அழைப்பு குறைவென்று ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால், அதையே துணையாகக் கொண்டவரை இழக்கிறோம்.

ஆகவே அழைக்காதவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம். எந்த நிகழ்ச்சி, ஏன் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அதுவும் எங்கள் கணக்கில் சேரும்.