கதவைச் சாத்தி ஆக்கின வேளைக்கீரை



மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதணும்னு கூட்டத்துல சொன்னப்ப, எனக்கு என்ன எழுதுறதுன்னே தெரியலை. கறவை மாடு வாங்கினது, தையல் மிஷின் போட்டது எல்லாம் மத்தவங்க எழுதுவாங்க. நான் ஒரு கீரையோட வரலாற்றை எழுதுறேன். சிரிக்காதீங்க. அந்தக் கீரைக்கும் நம்மளை மாதிரி பெண்களுக்கும் 1,500 வருஷத்துக்கு மேலான உறவு இருக்கு.

வேளைக்கீரை உங்க எல்லாருக்கும் தெரியும். நல்வேளை, தைவேளைன்னும் சொல்லுவாங்க. மழை பெஞ்சு மண்ணு நனைஞ்சா போதும், எருக்குழி ஓரம், குப்பைமேடு, வரப்பு, இடிஞ்ச சுவர்ப் பக்கம்னு தானா முளைக்கும். ஒரு காம்புல அஞ்சு விரல் மாதிரி அஞ்சு இலை. தண்டுல மெல்லிசா சுணை. உச்சியில வெள்ளைப் பூ, அதுல இருந்து மீசை மாதிரி நீளமா நீட்டிக்கிட்டு இருக்கும். விதைச்ச ஒண்ணரை மாசத்துக்குள்ள பறிக்கலாம். அப்புறம் நெத்து முத்தி, காஞ்சு, தானா வெடிச்சு விதை சிதறும். அடுத்த மழைக்கு அதே இடத்துல திரும்ப வரும். யாரும் விதைக்க வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம்.

இதோட தங்கச்சி மாதிரி இன்னொண்ணு உண்டு: நாய்வேளை. நாய்க்கடுகுன்னும் பேரு. அதுக்கு மஞ்சப் பூ, தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டும். விதை கடுகு மாதிரியே இருக்கும். இந்த ரெண்டையும் தாவரம் படிச்சவங்க கடுகுக் குடும்பத்தை ஒட்டின பக்கத்துக் குடும்பத்துல வைக்கிறாங்க. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் இதுக்குப் பங்காளிங்க. முருங்கைகூட தூரத்துச் சொந்தம்தான். கடுகைக் கடிச்சா மூக்குல ஏறுற அந்தக் காரம்தான் வேளை இலையைக் கசக்கினா வர்ற நெடிக்கும் காரணம்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எங்க ஆயா சோரியாங்குப்பத்துல பிரெஞ்சுக்காரங்க ஆட்சியிலயே வாழ்க்கைப்பட்டு வந்தது. நடவு, களையெடுப்புன்னு கூலி வேலை. வேலை இல்லாத நாள்ல மடி நிறைய வேளைக்கீரை பறிச்சுக்கிட்டு வரும். கொழுந்தா கிள்ளி, உப்புத் தண்ணியில வேக வெச்சு, கசப்புத் தண்ணியை வடிச்சிட்டு, புளி, பூண்டு, காஞ்ச மிளகா சேர்த்துக் கடையும். கேழ்வரகுக் களிக்கு அதான் குழம்பு. ஆனா அடுப்புல கீரை வேகும்போது ஆயா தெருக்கதவைச் சாத்திடும். வாசல்ல யாராவது கூப்பிட்டு, "என்னடி கொழம்பு?"ன்னு கேட்டா, "முருங்கைக்கீரை"ன்னு சொல்லும். நெடி காட்டிக் கொடுத்துடும், ஆனாலும் அப்படித்தான் சொல்லும்.

நான் பள்ளிக்கூடம் போறப்ப ஒரு தடவை அந்தக் குழம்பை எடுத்துக்கிட்டுப் போனேன். கூடப் படிச்ச பொண்ணுங்க "குப்பைக்கீரை, குப்பைக்கீரை"ன்னு சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து ஆயாவைத் திட்டினேன். ஆயா ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் எனக்கு அந்தக் கீரையைப் போடவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சும் அது என் மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது.

என் பொண்ணு பி.ஏ. தமிழ் படிச்சப்ப ஒரு நாள் சாயங்காலம் சிறுபாணாற்றுப்படைங்கிற பாட்டைச் சத்தமா படிச்சுக்கிட்டு இருந்தா. நான் அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தேன். "அர்த்தம் சொல்லுடி"ன்னேன். சொன்னா. ஒரு பாணன் வீட்டுச் சமையல்கட்டு. கூரை, சுவர் எல்லாம் இத்துப்போய்க் கிடக்கு. குட்டி போட்ட நாய்க்கே பால் இல்லை. பசியால இடுப்பு ஒட்டிப்போன ஒரு பெண் குப்பையில முளைச்ச வேளைக்கீரையை நகத்தால கிள்ளிட்டு வந்து, உப்பு வாங்க வழியில்லாம வெறுமனே வேக வெக்கிறா. அக்கம்பக்கத்துல யாராவது பார்த்தா அசிங்கம்னு கதவைச் சாத்திட்டு, சொந்தபந்தத்தோட உட்கார்ந்து சாப்பிடுறா.

கையில முறம் அப்படியே நின்னுடுச்சு. அது எங்க ஆயாதான்னு தோணுச்சு.

அந்தப் பாட்டு எங்கேயோ தூர தேசத்துப் பாட்டு இல்லை. எழுதினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுல வர்ற வள்ளல் நல்லியக்கோடன் ஆண்டது ஓய்மா நாடு, அதாவது நம்ம புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிற திண்டிவனம், மரக்காணம் பக்கம். திண்டிவனத்துல இருக்கிற கிடங்கில்தான் அவன் ஊர். ஓலைச்சுவடியில கிடந்த இந்தப் பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-ல பத்துப்பாட்டு புத்தகத்துல அச்சுல கொண்டு வந்தார்.

அதுக்கப்புறம் பொண்ணைத் தேடச் சொன்னேன். புறநானூற்றுல இன்னும் ரெண்டு இடம் காட்டினா. 246-ஆவது பாட்டு, பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடினது. கணவன் செத்ததும் தீப்பாயப் போற அந்த அம்மாவைத் தடுக்கிறாங்க. அப்ப அது, கைம்பெண்ணோட சாப்பாட்டைக் கணக்குப் போட்டுச் சொல்லுது: நெய் கிடையாது, கையால பிழிஞ்ச சோறு, எள்ளு அரைச்சுப் புளி விட்டு வேக வெச்ச வேளைக்கீரை. படுக்கப் பாய்கூட இல்லை. இப்படி வாழுறதுக்கு நெருப்பே மேல்னு சொல்லுது. ராணிக்கே அந்த நிலைமை. நம்ம குழுவுலயும் கணவனை இழந்த சகோதரிகள் இருக்காங்க. இன்னிக்கு அவங்க சேமிப்பு நோட்டு எழுதுறாங்க, பேங்க்குக்குப் போய்க் கையெழுத்துப் போடுறாங்க. அந்த ராணிக்கு இப்படிப் பத்துப் பேர் கூட இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்.

இன்னொண்ணு 215-ஆவது பாட்டு, கோப்பெருஞ்சோழன் பாடினது. அதுல ஒரு ஆயர் பெண் வரகுச் சோறு ஆக்குறா. வேளையோட வெள்ளைப் பூவைத் தயிர்ல போட்டுப் புளிப்பா ஒரு கூழ் காய்ச்சுறா. அவரைக்காய் பறிக்க வந்தவங்க வயிறு நிறையக் குடிக்கிறாங்க. இதுல வெட்கம் இல்லை, சாத்தின கதவும் இல்லை. தன் நண்பர் பிசிராந்தையாரோட பாண்டிய நாட்டைப் பெருமையாச் சொல்றப்ப, ராஜா இந்தக் கூழைத்தான் சொல்றார்.

அதே கீரைதான். உப்பில்லாதவ வீட்டுல அவமானம், கைம்பெண் இலையில தண்டனை, தயிர் இருக்கிறவ வீட்டுல விருந்து. அப்ப அசிங்கம் கீரையில இல்லை. நம்ம வறுமை மேல ஒட்டின அசிங்கத்தைக் கீரை மேலயும் ஒட்டிட்டாங்க.

வெளிநாட்டுலயும் இதே கதை நடந்திருக்கு. ஆப்பிரிக்காவுல கென்யா நாட்டுல கிசி பகுதியில இந்த வேளைக்கீரைக்கு "சின்சாகா"ன்னு பேரு. கசப்பு போக அவங்க பால் ஊத்திச் சமைக்கிறாங்க. நம்ம ஆயர் பெண் தயிர் ஊத்தின மாதிரி. பிள்ளை பெத்தவளுக்கு முக்கியமா கொடுப்பாங்க. அங்கேயும் ஒரு காலத்துல ஏழைங்க கீரைன்னு ஒதுக்கினாங்க. இப்ப பெண்கள் பாத்தி கட்டி விதைச்சு, கட்டு கட்டி, நைரோபி நகரத்துப் பெரிய கடைகளுக்கே அனுப்புறாங்க. வைட்டமின் ஏ, சி, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து எல்லாம் இதுல உண்டு. நம்ம நாட்டுல உத்தரகாண்ட் மலைக்காரங்க நாய்க்கடுகு விதையை "ஜக்யா"ன்னு பேர் வெச்சுத் தாளிக்கிறாங்க. நாம பிடுங்கி எறியறதை அவங்க கடையில விக்கிறாங்க.

2024 டிசம்பர்ல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து எங்க ஊருக்குள்ள புகுந்தது மறக்க முடியாது. பயிர் போச்சு, காய்கறி விலை ஏறிப்போச்சு. வண்டல் காஞ்சதும் வீட்டுப் பின்பக்கம் முதல்ல முளைச்சது வேளைதான். ஆயா கைப்பக்குவத்தை நினைவு வெச்சு ஆக்கினேன். வாசல் கதவைத் திறந்து வெச்சேன். பக்கத்து வீட்டு அக்கா நெடி பிடிச்சு வந்து, ஒரு கிண்ணம் வாங்கிக்கிட்டுப் போனாங்க.

ஆனா இப்ப வரப்புல வேளை குறைஞ்சுக்கிட்டே வருது. களைக்கொல்லி அடிக்கிறோம். அடிச்ச இடத்துல முளைச்சதைப் பறிக்கவும் கூடாது. அதனால நான் கேட்கிறது இதுதான். வீட்டுத் தோட்டத்துல ஒரு பாத்தி வேளைக்கு விடுங்க. நெத்து வெடிக்கிறதுக்கு முன்னாடி விதை எடுத்து வெச்சுக்கங்க. புது விதை உடனே சரியா முளைக்காது, சில மாசம் ஆறப் போடணும். பூ மொட்டைக் கிள்ளிக்கிட்டே இருந்தா இலை அதிக நாள் கிடைக்கும். வீட்டுல வயசான ஆயா, அத்தை இருந்தா, அவங்க எப்படி ஆக்கினாங்கன்னு கேட்டு எழுதி வையுங்க. நம்ம தீர்மான நோட்டு மாதிரி அதுக்கும் ஒரு நோட்டு போடலாம்.

எங்க ஆயாகிட்ட மன்னிப்புக் கேட்க எனக்குக் காலம் கிடைக்கலை. அதை இந்த மலர்ல எழுதிட்டேன். அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒரு தூக்கு வேளைக்கீரைக் குழம்பு கொண்டு வர்றேன். எல்லாரும் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க.



இப்படிக்கு,
குழு உறுப்பினர், சோரியாங்குப்பம்