நீரின் நினைவு

நீரில் மிதக்கும் நுண்துகள் ஓயாது நடுங்கிக்கொண்டே இருக்கும். 1827-ஆம் ஆண்டில் தாவர நூலறிஞர் ராபர்ட் பிரௌன், மகரந்தத்தினின்று வெளிப்பட்ட துகள்களில் இதனைக் கண்டு ஆராய்ந்தார். கற்பொடியும் அவ்வாறே ஆடியதால், இது உயிரின் செயலன்று எனத் தெளிந்தார். காரணம் விளங்க எழுபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. நீரின் மூலக்கூறுகள் எப்புறமும் வந்து மோதுவதன் விளைவே இது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டினார். 1908-இல் பிரெஞ்சு அறிஞர் லாங்ஷெவன் இதற்கு எளிய சமன்பாடு ஒன்றை வகுத்தார்.

நேயர்களே, அச்சமன்பாட்டில் ஓர் எடுகோள் மறைந்திருந்தது. துகளுக்கு நீர் தரும் தடை, அக்கணத்து வேகத்தை மட்டுமே பொறுத்ததாம். சற்று முன் நடந்ததை நீர் அறவே மறந்துவிடுமாம்! லாகூரில் 1910-இல், ரயில்வே கணக்குத்துறை அதிகாரியின் மகனாகப் பிறந்த தமிழர் சந்திரசேகர், 1943-இல் இத்துறை பற்றி எழுதிய நெடுங்கட்டுரை ஆராய்ச்சியாளரிடையே பெரும் புகழ் பெற்றது. அதற்கும் அடிப்படை இம்மறதியே.

ஆனால் நகரும் துகள் நீரையும் தள்ளிச் செல்கிறது. தள்ளுண்ட நீர் சுழலாகிப் பரவித் துகளையே பின்னும் உந்துகிறது. பழைய அசைவின் பயன் இவ்வாறு பின்னர் வந்து சேர்வதைப் பூசினெஸ்க் 1885-இலும், பாசெட் 1888-இலும் கணிதத்தால் காட்டியிருந்தனர். அதனை நுண்துகளின் நடுக்கத்தோடு பொருத்தி, விளாதிமிர்ஸ்கியும் டெர்லெட்ஸ்கியும் 1945-இல் ரஷ்ய மொழியில் எழுதிய கட்டுரை நெடுங்காலம் பலர் கண்ணிற் படவில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் பெருமூச்சு எழுகிறது.

1967-இல் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஆல்டரும் வெயின்ரைட்டும் கணிப்பொறிக்குள் கோளங்களை மோதவிட்டுப் பார்த்தனர். தொடக்க வேகத்தின் சாயல் விரைந்து மறையும் என்பதே அந்நாளைய கொள்கை. அதுவோ மறைய மறுத்தது. காலம் நான்கு மடங்கானால் எச்சம் எட்டில் ஒன்றாகக் குறையும் என்ற மந்தமான கணக்கை 1970-இல் அவர்கள் வெளியிட்டனர். ஒரு கோளம் இழந்த உந்தம் அழிவதில்லை. அண்டையிலுள்ளவற்றிற்குக் கைமாறிச் சுழலாய் மெல்லப் பரவுகிறது. அதுதான் நினைவாகத் தங்குகிறது.

2011-இல், லேசர் ஒளியாற் பிடித்துவைத்த நுண்கோளத்தின் நடுக்கத்தில் இந்நினைவின் தடம் நேரே அளக்கப்பெற்றது. அளப்பது எளிதன்று: ஒரு மைக்ரான் ஆரமுள்ள கோளமாயின், நீர்ச்சுழல் அந்த ஆரத்தின் அளவு தூரம் பரவுவதற்கு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே போதும்.