படுகளத்தில் உயிர் எழுப்புதல்

படுகளத்தில் உயிர் எழுப்புதல் என்பது வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்கள் சிலவற்றில், திருவிழாவின் நிறைவு நாளன்று நடக்கும் சடங்கு ஆகும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் திரௌபதி வழிபாடு ஆழமாக வேரூன்றியுள்ளது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை இவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதும் மரபு உண்டு.

பின்னணி

விழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். பிரசங்கியார் பெரும்பாலும் வில்லிபாரதத்தைப் பின்பற்றிக் கதை சொல்வார். அதை இயற்றிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அவரது நூல் 10 பருவங்களைக் கொண்டது. இறுதிப் பருவமான சௌப்திக பருவத்தில், உறங்கிக் கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து மைந்தர்களையும் அசுவத்தாமன் கொன்றுவிடுகிறான். இளம் பஞ்சபாண்டவர் எனப்படும் அம்மைந்தர்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை.

சடங்கு

நிறைவு நாளன்று, திறந்த வெளியில் களிமண்ணால் துரியோதனனின் பெரிய உருவம் படுத்த நிலையில் அமைக்கப்படும். இந்த இடமே படுகளம். வீமன், துரியோதனன் வேடமிட்ட கூத்துக் கலைஞர்கள் உருவத்தைச் சுற்றிவந்து போரிடுவர். துரியோதனன் வீழ்ந்தபின் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள்.

சில ஊர்களில் பாண்டவர்களையோ இளம் பஞ்சபாண்டவர்களையோ குறிக்கும் ஆண்கள் களத்தில் இறந்தவர்போல் படுத்திருப்பர். அவர்கள்மீது வெள்ளைத் துணி போர்த்தப்படும். பம்பை முழங்க, அம்மன் முன்னிலையில் மஞ்சள் நீர் தெளித்து அவர்கள் எழுப்பப்படுவர். முறைகள் ஊருக்கு ஊர் மாறும். மாலையில் தீமிதி நடைபெறும். துரியோதனன் உருவத்து மண்ணை நலம் தரும் என நம்பி வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு.

காவியமும் களமும்

மகாபாரதத்தில் உயிர்ப்பிக்கும் ஆற்றல் எளிதில் கிடைப்பதில்லை. அசுர குரு சுக்கிராச்சாரியார் மட்டுமே அறிந்திருந்த மிருதசஞ்சீவினி மந்திரத்தைக் கற்கத் தேவர்கள் கசனை அனுப்ப வேண்டியிருந்தது. நச்சுப் பொய்கையில் தம்பியர் நால்வரும் மாண்டபோது, ஒருவனை மட்டுமே கேட்கலாம் என்று தருமனிடம் சொல்லப்பட்டது. குந்திக்கு மகனாகத் தான் இருப்பதால், மாத்திரிக்கும் ஒரு மகன் வேண்டுமென அவன் நகுலனைக் கேட்டான். அந்த நடுநிலைக்காக நால்வரும் எழுப்பப்பட்டனர்.

படுகளத்தில் இத்தகைய தேர்வு எதுவும் இல்லை. படுத்தவர் அனைவரும் எழுகின்றனர். காவியம் தாய்க்குத் திருப்பித் தராத பிள்ளைகளை, அவர்களை எழுப்பும் ஊர்களில் ஊரார் ஆண்டுதோறும் அவள் முன்னால் எழுப்பி நிறுத்துகின்றனர்.

ஆய்வு

இவ்வழிபாட்டை அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைடல் விரிவாக ஆராய்ந்து, 1988, 1991 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.